இருவாச்சி பட்டை தின்ற கதை

மலைக்காட்டுப் பறவைகளிடையே ஒரு புதுக் காய்ச்சல் பரவியது. நெடுமூக்கன் என்ற இருவாச்சியையும் அது பிடித்துக்கொண்டது. வருகிற நேரமா அது! அவன் மனைவி பூவிழி குஞ்சுகளோடு மரப்பொந்துக்குள் இருந்தாள். இருவாச்சிகள் பொந்தின் வாயை மண்பூசி அடைத்துவிடும். சிறு கீறல் வழியாக ஆண் பறவைதான் பழம் ஊட்ட வேண்டும்.

மூன்று நாளில் காய்ச்சல் ஏறியது. சிறகு கனத்தது.

மரங்கொத்தி ஏதோ மரப்பட்டையை மருந்தாகத் தருகிறதாம். நெடுமூக்கன் கிளியிடம் விசாரித்தான்.

"அற்புதம்! காய்ச்சலே இல்லாமல் நானே மரத்தில் உரித்து நாலு துண்டு தின்றேன்!" என்ற கிளி, சொன்ன கையோடு கிளையிலிருந்து சரிந்து விழுந்தது.

பயந்துபோய் மைனாவிடம் கேட்டான்.

"ஐயோ, விஷம்! இறகெல்லாம் உதிருமாம்!"

"யாருக்கு உதிர்ந்தது?"

"அது தெரியாது. எல்லோரும் சொல்கிறார்கள்!"

எல்லோரும் என்றால் மைனாவும் அதன் தங்கையும்.

"தின்னவா, வேண்டாமா?" என்று பொந்தருகே வந்து புலம்பினான்.

"கொடுக்கிறவரிடமே கேளுங்களேன்! இவ்வளவு பெரிய மூக்கு இருக்கிறது, கேட்க வாய் இல்லையா?" என்றாள் பூவிழி.

நெடுமூக்கன் போய்க் கேட்டதும் மரங்கொத்தி மறைக்காமல் சொன்னது: "தின்ற இருபது பேரில் பதினாறு பேர் தேறினார்கள். தின்னாத இருபது பேரில் பத்துப் பேர். தின்ற சிலருக்கு ஒருநாள் தலைசுற்றல், பறக்க முடியவில்லை. பின்னால் வேறு கெடுதல் வருமா என்பது எனக்கு இன்னும் தெரியாது. லேசான காய்ச்சலுக்கு நான் தருவதில்லை. உங்களுக்கோ உடம்பு கொதிக்கிறது!"

நெடுமூக்கன் யோசித்தான். இப்படியே விட்டால் பறக்கவே முடியாமல் போகலாம்; குஞ்சுகள் பட்டினி. தின்றால் ஒருநாள் முடக்கம். அந்த ஒருநாளுக்கு வழிசெய்யலாமே!

தள்ளாடித் தள்ளாடி அத்திப்பழமாகக் கொண்டுவந்து கீறலுக்குள் திணித்தான்.

"போதும்! எனக்கு உட்கார இடமில்லை!" என்று பூவிழி கத்தினாள்.

அப்புறம்தான் பட்டை தின்றான். ஒரே ஒரு துண்டு.

மறுநாள் கிளையை இறுகப் பற்றிக்கொண்டு கிடந்தான்.

"தலை சுற்றுகிறதா?" என்றது உள்ளிருந்து குரல்.

"தலை நன்றாகத்தான் இருக்கிறது. காடுதான் சுற்றுகிறது!"

பூவிழி சிரித்துக்கொண்டே குஞ்சுகளுக்குப் பழம் ஊட்டினாள்.

அதற்கடுத்த நாள் காய்ச்சல் விட்டது. நெடுமூக்கன் நேரே மரங்கொத்தியிடம் பறந்தான். "எனக்கும் தலை சுற்றியது, ஆனால் தேறிவிட்டேன். கணக்கில் சேர்த்துக்கொள்! அடுத்து வருகிறவருக்கு உதவும்!"

புது மருந்து வரும்போது புகழ்ச்சியில் மயங்காமலும் புரளிக்கு அஞ்சாமலும், நம் நிலைமைக்கு அதனால் நன்மை எவ்வளவு, தீமை எவ்வளவு என்று அறிந்தவரிடம் கேட்டு, எடைபோட்டே முடிவெடுக்க வேண்டும்.