இரண்டு முகக் காசு

ஆன்பொருநை ஆற்றில் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடிய காலம் ஒன்று இருந்தது. நம்பினால் நம்புங்கள். அந்தக் காலத்தில், ஆற்றங்கரைக் கருவூரில், அந்துவன் என்று ஒருவன் இருந்தான். கல்லுக்குப் பட்டை தீட்டுவது அவன் தொழில்.

அவனுக்கு யாரும் இல்லை. பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கட்டியவளும் மூன்றாம் வருஷமே காய்ச்சலில் போய்விட்டாள். சமைப்பான், சாப்பிடுவான், சட்டியைக் கழுவிக் கவிழ்ப்பான். சில நாட்கள் விடிந்ததிலிருந்து படுக்கும்வரை ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டான்.

வெள்ளம் வடியும்போதெல்லாம் ஆற்று மணலில் பழைய யவனக் காசுகள் கிடைக்கும். கடலுக்கு அப்பாலிருந்து மிளகு வாங்க வந்த யவனர்கள் என்றைக்கோ தவறவிட்டவை. பொற்காசு கிடைத்தால் அரண்மனைக்குப் போகும். வெள்ளிக்காசு கிடைத்தால் தட்டான் உலைக்குப் போகும். வெண்கலக் காசு கிடைத்தால் ஊரார் திரும்ப ஆற்றிலேயே எறிந்துவிடுவார்கள்.

அந்த வெண்கலக் காசுகளைத்தான் அந்துவன் பொறுக்கினான். ஊர் சிரித்தது. "களிம்பு பிடிச்சதையெல்லாம் கட்டிக்கிட்டு அழுவுறான் பாரு" என்றது. அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காசில் ஒரு முகம் இருந்தது. அவன் வீட்டில் அவனைத் தவிர வேறு முகமே கிடையாது.

பன்னிரண்டு வருஷத்தில் நாற்பது காசு சேர்த்தான். ஓலைப் பெட்டியில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் வைத்தான். தாடிக்காரர், கொண்டைக்காரி, மூக்கன். மூக்கன் காசு மட்டும் அவனிடம் மூன்று இருந்தது. சாப்பிட உட்காரும்போது பெட்டியைத் திறந்து எதிரே வைத்துக்கொள்வான். சோறு குழைந்துவிட்டது என்று தாடிக்காரரிடம் குறைபட்டுக்கொள்வான். பதில் வராது என்பது அவனுக்கும் தெரியும்.

ஒரே ஒரு காசு மட்டும் அவனுக்கு அகப்படவில்லை. ஒரே கழுத்தில் இரண்டு முகம், ஒன்று முன்னே பார்க்கும், ஒன்று பின்னே பார்க்கும், அப்படி ஒரு காசு உண்டு என்று கேள்விப்பட்டிருந்தான். அது கோட்டையின் மேற்கு வாசல் குடிசையில் இருந்த யவனக் கிழவரிடம் இருந்தது.

அவருடைய உண்மையான பெயர் ஊரில் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. தீத்தர் என்று ஆக்கிவிட்டார்கள். வணிகர்களுக்குக் காவலாக வந்தவர். கப்பல்கள் வருவது நின்றுபோனது. அவர் இங்கேயே தங்கிப்போனார். நாற்பது வருஷம் மேற்கு வாசலைக் காத்தார். இப்போது கண் மங்கிவிட்டது. அவருடைய பாஷையில் அவரோடு பேச அந்த ஊரில் ஓர் ஆள் இல்லை.

அந்துவன் ஒரு சட்டி கஞ்சியோடு போனான். காசைக் காட்டச் சொன்னான். கிழவர் இடுப்பு முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். அடுத்த மாதம், அதற்கு ஈடாக ஒரு பச்சைக்கல் தருவதாகச் சொன்னான். கிழவர் சிரித்தார். மூன்றாம் மாதம் பத்துக் கல் தருவதாகச் சொன்னான்.

"இதை மட்டும் கேக்காதே தம்பி. எங்க ஊர்ல செத்தவன் நாக்குக்கு அடியில ஒரு காசு வைப்போம். இல்லேன்னா ஓடக்காரன் அக்கரைக்கு ஏத்த மாட்டான்."

"எங்களுக்கு நெத்தியில வைப்பாங்க" என்றான் அந்துவன்.

"எங்க வச்சா என்ன? வைக்க ஒரு ஆளு வேணும்ல" என்றார் கிழவர்.

அந்துவன் கஞ்சி கொண்டுபோவதை நிறுத்தவில்லை. முதலில் காசுக்காகப் போனான். பிறகு, காசுக்காகத்தான் போகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனான். கிழவர் தன் தங்கையைப் பற்றிச் சொல்வார். அவன் தன் மனைவியைப் பற்றிச் சொல்வான். தெருமுனையில் அவன் திரும்பும்போதே, "வலது செருப்பு இழுக்குது, வாரு தைச்சுப் போடு" என்று குடிசைக்குள்ளிருந்து குரல் வரும். அப்படி அவன் வரவுக்குக் காது கொடுத்துக் காத்திருக்க உலகத்தில் வேறு யாரும் இல்லை. ஆனால் ஆசை ஆசைதானே. காசை அவன் மறக்கவில்லை.

ஐப்பசியில் கிழவருக்குக் காய்ச்சல் கண்டது. ஒரு மத்தியானம் அவர் அசந்து தூங்கினார். இடுப்பு முடிச்சு தளர்ந்து கிடந்தது. அந்துவன் கை நீண்டது. இரண்டு முகக் காசை எடுத்தான், அதே அகலமுள்ள ஒரு மூக்கன் காசை வைத்தான், முடிச்சைப் போட்டான். மூக்கன் காசு அவன் மடியில் எப்படி வந்தது என்று கேட்கிறீர்களா? ஐந்து நாளாக மடியில் வைத்துக்கொண்டுதான் திரிந்தான்.

வீட்டுக்கு வந்து காசைப் பெட்டியில் வைத்தான். தாடிக்காரரிடம் காட்டினான். கொண்டைக்காரியிடம் காட்டினான். சந்தோஷம் வரும் என்று உட்கார்ந்திருந்தான். வரவில்லை.

மறுநாள் கஞ்சி காய்ச்சினான். போகக் கால் எழவில்லை. அதற்கு மறுநாள் காய்ச்சவே இல்லை. மூன்றாம் நாள் வாசற்காவலன் போத்தன் வந்து கதவைத் தட்டினான்.

"கெழவரு உங்களத்தான் கேட்டுக்கிட்டே கெடக்குறாருங்க."

அந்துவன் போனான். கிழவர் எலும்பும் தோலுமாகக் கிடந்தார். அவன் கையைத் தடவிப் பிடித்து, முடிச்சிலிருந்த காசை எடுத்து உள்ளங்கையில் வைத்தார்.

"இது உனக்குத்தான்னு போன மாசமே முடிவு பண்ணிட்டேன். நல்ல நாள் பாத்துக் குடுக்கலாம்னு இருந்தேன். ஓடக்காரனுக்கு எந்தக் காசா இருந்தா என்ன? ஏதாவது ஒண்ணு வை, போதும்."

அந்துவன் விரலில் மூக்கனின் மூக்கு தட்டுப்பட்டது. அவனுடைய காசு. அவன் வைத்த காசு.

கிழவர் தன் கட்டை விரலால் அந்தக் காசை ஒருமுறை தடவினார். நாற்பது வருஷம் தினமும் காசைத் தடவிய விரல் அது. "விரலுக்கும் வயசாயிடுச்சு போல. ரெண்டு முகம் ஒண்ணாத் தெரியுது" என்றார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அந்துவனுக்கும் தெரிந்தது.

"மூணு நாளா உன் செருப்புச் சத்தம் கேக்கல. அதுதான் கஷ்டமா இருந்துச்சு. வேற ஒண்ணும் இல்ல."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான்தான் எடுத்தேன் என்று இரண்டு வார்த்தை. "காலையில வர்றனுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தான்.

காலையில் இரண்டு முகக் காசை மடியில் கட்டிக்கொண்டு, சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தான். தெருமுனையில் திரும்பினான். செருப்பு இழுத்தது. குடிசையிலிருந்து குரல் வரவில்லை.

கிழவரின் வாயைத் திறந்து, நாக்கின் அடியில் அந்த இரண்டு முகக் காசை வைத்தான். சொல்ல நினைத்ததையும் சொன்னான். அவனும் போத்தனுமாக அவரை மண்ணில் வைத்து மூடினார்கள்.

அதற்குப் பிறகும் அந்துவன் வெகுகாலம் இருந்தான். ஓலைப் பெட்டியை மறுபடி திறக்கவில்லை. கிழவர் கொடுத்த மூக்கன் காசை மட்டும் இடுப்பில் முடிந்துகொண்டான். அதைத் தடவித் தடவி மூக்கே தேய்ந்துபோனது. செருப்பு வாரையும் அவன் கடைசிவரை தைக்கவில்லை. அது இழுக்கும் சத்தத்தைக் கேட்டு யாராவது ஏதாவது சொல்ல மாட்டார்களா என்று தெருமுனையில் திரும்பும்போதெல்லாம் ஒரு கணம் நிற்பான். யாரும் சொல்லவில்லை.

பெரியவர்களே, பிள்ளைகளே, கதை இவ்வளவுதான்: நம் வரவுக்காகக் காத்திருக்கும் மனிதரிடம் எதையும் திருடக்கூடாது, ஏனென்றால் பொருள் கைக்கு வரும் அன்றைக்கே அந்த மனிதர் நம் கையை விட்டுப் போய்விடுவார்.