சக்கரத்துக்கு அடியில் அம்மி

சென்னியப்பன் கையில் அம்மிக் குழவியோடு வால்பாறை பஸ்ஸை விட்டு இறங்கியபோதே நான் எழுந்து வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. இன்னொரு டீ சொன்னேன். என் புத்தி அப்படி.

எங்கள் ஊர் பேக்கரி மலையடிவார ரோட்டில் இருக்கிறது. மலை ஏறுகிற பஸ், இறங்குகிற பஸ் எல்லாம் அதன் முன்னால்தான் நிற்கும். காலையில் அந்தப் பெஞ்சில் இருப்பது மூன்று பேர். கடைக்கார நடராசு, அந்த மலை ரூட்டிலேயே கண்டக்டராக இருந்து ரிட்டையரான கிட்டுசாமி, அப்புறம் ஆறுச்சாமி ஆகிய நான். ஊரில் பெரிய டிராக்டர் என்னிடம்தான் உண்டு. அதனால் என்னோடு எல்லாரும் மரியாதையாகத்தான் பேசுவார்கள், சென்னியப்பனைத் தவிர.

சென்னியப்பனுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. வாயும் இருக்கிறது. தோப்பில் காய்ப்பதைவிட வாயில் காய்ப்பது அதிகம். போன வாரம்தான் அவன் தன் கையாலேயே கட்டிய தகரப் பெட்டி வீட்டை, இரண்டு சக்கரம் வைத்த டிரெய்லர் அது, பழைய ஜீப்பின் பின்னால் மாட்டிக்கொண்டு மனைவி ருக்குமணியோடு மலை ஏறினான். ஒரே இடத்தில் வீட்டை நிறுத்திவிட்டு, அங்கிருந்து ஜீப்பில் மலை மலையாகச் சுற்றி வருவானாம். அதற்குப் பேர் பேஸ் கேம்ப் என்று போனில் பார்த்துத் தெரிந்துகொண்டானாம். இப்போது ஜீப்பும் இல்லை, வீடும் இல்லை, ருக்குமணியும் இல்லை. தலையில் இலைச்சருகு, வேட்டியில் முழங்கால் வரைக்கும் சேறு.

"ஆறுச்சாமி, டிராக்டர் வேணும். பொழுது சாயறதுக்குள்ள வேணும்" என்றான். "என்ற ஊட்டுக்காரி மேல டிரெய்லர்ல உக்காந்திருக்கறா. வண்டி மாட்டிக்கிச்சு. பொழுதுக்குள்ள எடுக்கலீன்னா உடுமலைக்கு அவ அண்ணன் ஊட்டுக்குப் போயிருவாளாம். தீவாளிக்கும் வரமாட்டாளாம். சொல்லிட்டா."

அவன் குரலில் நிஜமாகவே பயம் இருந்தது. அதனால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.

"நடந்ததைச் சொல்லு, தர்றேன்" என்றேன். "ஆனா ஒரு பொய் வந்தாலும் டிராக்டர் கெடையாது."

"பொய் சொல்ற நெலமையிலயா இருக்கறேன் நானு?" என்று சொல்லிவிட்டு, குழவியை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். நடராசு அவனுக்கு டீயும் ஒரு தேங்காய் பன்னும் வைத்தான்.

"மொதல்ல ஒண்ணு ஒத்துக்கறேன். இந்த ஒலகத்துல என்னாட்ட ஒரு முட்டாள் கெடையாது. சின்ன முட்டாளுக நெறைய இருக்கறாங்க. ஆனா என்னைய மாதிரி அளவெடுத்து, தகரம் வெட்டி, பெயிண்ட் அடிச்சு முட்டாளானவன் எவனும் இல்ல. டிரெய்லரை என்ற ஒசரத்துக்குக் கட்டிப்போட்டேன். அவ என்னைய விட அரையடி ஒசரம். கல்யாணமாகி இத்தன வருசத்துல அதை நான் கவனிக்கவே இல்ல. உள்ள போனா அவ குனிஞ்சேதான் நிக்கோணும். ஊருக்குள்ள இருந்து பாத்தவங்க, பரவால்லையே, சென்னியப்பனுக்கு இப்பத்தான் பொண்டாட்டி மரியாதை குடுக்கறாளாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டாங்க."

"இது நெசமா இருக்கும்" என்றார் கிட்டுசாமி.

"எல்லாமே நெசந்தானுங். அப்பறம் மலை ஏறுனோம். நான் கட்டுன வண்டி அத்தன லேசு. பின்னால ஒண்ணு வருதுன்னு ஜீப்புக்கே தெரியல. ஒம்பதாவது கொண்டை ஊசி வளைவுல திரும்பறேன், பின்னால ஹாரன் அடிக்குது. கண்ணாடியில பாத்தா என்ற டிரெய்லரு. சைடு கேக்குது."

"குடுத்தியா?"

"குடுக்காம? பின்னால வர்ற வண்டிக்கு வழி விடோணுமில்ல. அது பாட்டுக்கு முன்னால போயிருச்சு. அதுக்கப்பறம் மேல போற வரைக்கும் அதுதான் ஜீப்பை இழுத்துக்கிட்டுப் போச்சு. நான் ஸ்டீரிங்கைப் புடிச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருந்தேன். டிரைவர் வேலைக்கும் நான் லாயக்கில்லைன்னு என்ற வண்டியே சொல்லிருச்சு."

"அந்த ரூட்ல முப்பது வருசம் போயிருக்கேன்" என்று கிட்டுசாமி ஆரம்பித்தார்.

"பஸ்ஸுல போனீங்க. டிரெய்லர்ல போனீங்களா?"

கிட்டுசாமி தன் டீ டம்ளரை எடுத்துக்கொண்டார். நான் டிராக்டர் சாவியை இடுப்பிலிருந்து எடுத்து, அவன் கண்ணில் படும்படி ஒரு தடவை காட்டிவிட்டு மறுபடியும் செருகிக்கொண்டேன். அவன் கொஞ்சம் நெளிந்தான். ஆனால் பேச்சு நிற்கவில்லை. சென்னியப்பனுக்குப் பொய் சொல்வது கொட்டாவி விடுகிற மாதிரி. அடக்கினால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

"சரி, அதை விடுங்க. தேயிலைக் காட்டுக்கு மேல நல்ல எடமாப் பாத்து நிறுத்துனேன். சரிவு. சக்கரத்துக்கு முட்டுக் குடுக்கக் கல்லு வேணும். ஊருல இருந்து மறக்காம கொண்டு போனது அம்மிக்கல்லு ஒண்ணுதான். மிக்ஸி சட்னி எனக்கு எறங்காதுன்னு உங்களுக்கே தெரியும். அந்த அம்மிய எடுத்துச் சக்கரத்துக்கு அடியில வெச்சேன். மூணு நாளா அசையல. அதுவரைக்கும் நான் மேதாவி."

"சாப்பாட்டுக்கு?" என்றேன்.

"தயிரும் ஊறுகாயும். அதைக் கேக்காத. குளிரு வேற. ராத்திரி பனி வந்துச்சு பாருங்க, சாதாரணப் பனியில்ல. கதவைத் தட்டிட்டு வந்துச்சு. உள்ள வந்து படுத்துக்கிச்சு. நான் கட்டுன ஊட்டுல ரெண்டு பேருக்குத்தான் எடம். அதுலயும் ஒருத்தரு பொரண்டா இன்னொருத்தரும் பொரளோணும். மூணாவதா பனி வந்து படுத்தா எங்க போறது? நாங்க ரெண்டு பேரும் வெளிய வந்து படுத்துக்கிட்டோம். வெளிய கதகதன்னு இருந்துச்சு. பனி எல்லாம் உள்ள தூங்குதுல்ல."

நடராசு பால் பாத்திரத்தை அப்படியே விட்டுவிட்டுச் சிரித்தான். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. "பனி கொறட்டை விட்டுச்சா?" என்றான்.

"எனக்கு முன்னால விடுமா? என்ற கொறட்டைக்குப் பயந்துதான் பனியே விடியறதுக்கு முன்னால எந்திரிச்சுப் போயிருச்சு."

"சென்னி, டிராக்டர்" என்றேன்.

"வர்றேன், வர்றேன். இன்னைக்குக் காலைல நடந்ததுதான் முக்கியம்." டீயை ஒரே மடக்கில் குடித்தான். "விடிஞ்சதும் எனக்கு நாக்கு ஊறிப்போச்சு. இட்லிக்குச் சட்னி வேணும். அவ உள்ள டீ போட்டுக்கிட்டு இருக்கறா. நான் பொண்டாட்டிக்கு ஒத்தாசை பண்ற ஆளாமா. வெளிய வந்தேன். குழவிய ஒரு கையில எடுத்தேன். இன்னொரு கையால சக்கரத்துக்கு அடியில இருந்து அம்மிய உருவுனேன்."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் "அய்யோ" என்றோம்.

"ஆமா. அய்யோதான். இந்த மாவட்டத்துலயே எந்த மடையனும் பண்ணாததை நான் பண்ணுனேன். வண்டி கெளம்பிருச்சு. என்ற ஊட்டுக்காரி உள்ள டீ டம்ளரோட நிக்கறா. ஜன்னல் வழியா என்னையப் பாத்தா பாருங்க ஒரு பார்வை, அதுலயே வண்டிக்கு வேகம் கூடிப்போச்சு. நேரா தேயிலைக் காட்டுக்குள்ள எறங்கிருச்சு. நான் குழவிய வெச்சுக்கிட்டுப் பின்னாலயே ஓடறேன்.

"இப்பத்தான் பாருங்க ஒரு அதிசயம். தேயிலை பறிக்கறவங்க ரெண்டு இலையும் ஒரு மொட்டுமாத்தான் கிள்ளோணும். அது பெரிய வேலை, எல்லாராலயும் முடியாது. என்ற டிரெய்லர் போன வழியெல்லாம் அதே மாதிரி சுத்தமா ரெண்டு இலை ஒரு மொட்டாக் கிள்ளிக்கிட்டே போச்சு. இலை எல்லாம் கூரை மேல வந்து குமிஞ்சிருச்சு. கீழ எடை போடற எடத்துல போயி நின்னுச்சு. சூப்பர்வைசரு எடை போட்டுப் பாத்துட்டு, என்ற வண்டிக்கு நெரந்தர வேலை தர்றேன்னுட்டாரு. ருக்குமணிக்கு மேஸ்திரி வேலையாம். எனக்கு எதுவும் இல்லைன்னுட்டாரு. கேட்டதுக்கு, உன்ற மூஞ்சியப் பாத்தா அம்மிய உருவுறவன் மாதிரி இருக்குதுங்கறாரு."

"நின்னுதானே போச்சு அப்ப? டிராக்டர் எதுக்கு?" என்று மடக்கினேன்.

அவன் பன்னில் ஒரு கடி கடித்தான். அந்தக் கடியில் அவனுக்கு வழி கிடைத்துவிட்டது.

"எடை மேடையும் சரிவுதானப்பா. மறுபடியும் கெளம்பிருச்சு. ஓடைக்கரையில போயி ஒரு பாறை மேல முட்டி நின்னுச்சு. நான் மூச்சு வாங்கிட்டுப் போயிப் பாத்தா, பாறை காதை ஆட்டுது. யானை. ஒத்தக் கொம்பன். வண்டி வந்து அதோட முதுகுல சாஞ்சிருக்குது. அது திரும்பிப் பாக்குது. நான் குழவியோட நிக்கறேன். உள்ள இருந்து இவ எட்டிப் பாத்து, கொஞ்சம் அப்படியே இரு சாமி, இந்த மனுசனுக்குப் புத்தி வர்ற வரைக்கும்னு சொன்னா. யானை எம்மேல ஒரு பெருமூச்சு விட்டுச்சு. இந்தச் சருகெல்லாம் அதுல வந்ததுதான்." தலையிலிருந்து ஒரு இலையை எடுத்துச் சாட்சிக்குக் காட்டினான். "ஜீப்பைக் கொண்டுவந்து மாட்டி இழுத்தேன். கிளட்ச் பொகைஞ்சு போச்சு. யானை பாவம், இன்னமும் அப்படியே உக்காந்திருக்குது. ஆனா பொழுது சாஞ்சா அது தண்ணிக்குப் போயே ஆகோணும். அது எந்திரிச்சா வண்டி கீழ போயிரும். எனக்கு யானையும் கோவிச்சுக்கும், பொண்டாட்டியும் கோவிச்சுக்கும். அவ போயிட்டா நான் என்ன பண்ணுவேன் ஆறுச்சாமி? அந்த ஊட்டுல தனியாப் பொரண்டு படுக்கக்கூட எனக்குத் தெரியாது."

கடைசியாகச் சொன்னதைச் சொல்லும்போது பன்னைக் கீழே வைத்துவிட்டான். அது மட்டும் புளுகு இல்லை. நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஒரு பொய் வந்தாலும் கிடையாது என்று சொன்ன நான், யானை தண்ணிக்குப் போய்விடுமே என்ற பதைப்பில் எழுந்து நின்று சாவியை எடுத்துவிட்டேன். கிட்டுசாமி கயிறு இருக்கிறதா என்று நடராசுவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது மலையிலிருந்து இறங்கிய பஸ் ஒன்று வந்து நின்றது. முன்கண்ணாடியில் உடுமலை என்று போர்டு. முன்படியில் நின்றது ருக்குமணி.

சென்னியப்பனைப் பார்த்தேன். அவனுக்கு முகத்தில் ரத்தம் இல்லை. வாய் திறந்திருந்தது, பேச்சு வரவில்லை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவன் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. பிறகு மெதுவாக, என் காதில் மட்டும் விழும்படி, "கையில பை இல்ல" என்றான். "ஆறுச்சாமி, அவ கையில பை இல்லப்பா."

ருக்குமணி இறங்கினாள். பஸ் போய்விட்டது. அவள் நேராக வந்து அவன் மடியிலிருந்த குழவியை எடுத்துக்கொண்டாள்.

"இதைத் தூக்கிட்டு ஓடி வந்துட்டாருங்ணா" என்றாள் என்னிடம். "அம்மி அங்க, குழவி இங்க. வேற எங்க இருக்கப் போறாருன்னு நேரா இங்க வந்தேன்."

"வண்டி என்னம்மா ஆச்சு?"

"வண்டிக்கென்னங்ணா? ரெண்டு மொழம் நகந்து ஒரு மரத்துல சாஞ்சுச்சு. டீ சேலையில கொட்டிருச்சு. அந்தக் கோவத்துலதான் உடுமலைக்குப் போறேன்னு கத்திப்போட்டேன். இலை பறிக்க வந்த பொம்பளைங்க நாலு பேரு வந்து ஏலேலோன்னு தள்ளுனாங்க, பழைய எடத்துக்கே வந்துருச்சு. அம்மிய மறுபடியும் அடியில வெச்சாச்சு."

"ஜீப்பு கிளட்ச்?"

"ஹேண்ட்பிரேக்கை எடுக்காம இழுத்தாரு."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் அந்தச் சாவியோடு எழுந்து நின்ற என்னைப் பார்த்தும் சிரிக்க வேண்டியிருக்கும்.

கிட்டுசாமி விடவில்லை. "அந்த யானை?"

"எந்த யானைங்?"

சென்னியப்பன் தரையைப் பார்த்தான்.

"அப்ப அண்ணன் ஊட்டுக்குப் போகலியா நீ?" என்று அவனே மெல்லக் கேட்டான்.

"எதுக்குப் போறேன்? எந்திரிச்சா ஜன்னல்ல மலை தெரியுது. ஒறம்பரை, சொந்தம்னு யாரும் வர்றதில்ல. போனு எடுக்கறதில்ல. குனிஞ்சு குனிஞ்சு நடக்கறதுதான் செரமம், அதுக்கும் பழகிப்போச்சு. அங்க நான் நல்லாத்தான் இருக்கறேன். நீங்க வர்றதுன்னா வாங்க, மேல போற பஸ்ஸு வர்ற நேரமாச்சு." பிறகு என் பக்கம் திரும்பி, கையிலிருந்த சாவியைப் பார்த்தாள். "டிராக்டர் வேண்டாங்ணா. உங்க தோப்புல இருந்து ரெண்டு தேங்கா மட்டும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

"தேங்காயா? அவனுக்கே அத்தனை பெரிய தோப்பு இருக்குதேம்மா?"

"அதைத்தான் நானும் காலைல இருந்து யோசிச்சுக்கிட்டு இருக்கறேன்" என்றாள் ருக்குமணி. "ஊட்டையே கட்டி எடுத்துட்டு வந்தாரு, அம்மிய எடுத்தாரு, குழவிய எடுத்தாரு. தேங்காய எடுக்கல. எதை அரைக்கறதுக்கு அந்த அம்மிய உருவுனாருன்னு நீங்களே கேளுங்க."

நாங்கள் கேட்டோம். பஸ் வரும் வரைக்கும் கேட்டோம். அவன் பஸ் வருகிறதா என்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் வரவழைத்த தேங்காயை நடராசு கொடுத்த பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி, ஜன்னலோரம் ருக்குமணி பக்கத்தில் உட்கார்ந்து, வண்டி நகர்ந்த பிறகுதான் தலையை வெளியே நீட்டினான்.

"அந்தப் பொம்பளைங்க வர்றதுக்கு முன்னாலயே யானை தண்ணிக்குப் போயிருக்கும்ப்பா" என்று கத்தினான். "அதான் இவளுக்குத் தெரியல."

உள்ளேயிருந்து ஒரு கை அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டது. நான் சாவியை இடுப்பில் செருகினேன்.

"இருந்தாலும் இருந்திருக்கும்" என்றார் கிட்டுசாமி.