மயில் தேர்ந்தெடுத்த பீர்க்கங்காய்

குழந்தைகளே, இரண்டு ஆண்டுகளாக மழை எட்டிப் பார்க்காத ஒரு காட்டில் சிற்றடி என்ற சருகுமான் இருந்தது. சருகுமான் மிகச் சிறிய மான். முயல் பக்கத்தில் நின்றால் இரண்டும் ஒரே உயரம்தான். கொம்பும் கிடையாது. எதைத் தின்பதற்கு முன்பும் இரண்டு முறை யோசிப்பது சிற்றடியின் வழக்கம்.

சிற்றடிக்குப் பிறந்து பத்து நாளான குட்டி ஒன்று இருந்தது. தாய் தின்றால்தான் குட்டிக்குப் பால். தாய் தின்று இரண்டு நாள் ஆகியிருந்தது.

காட்டின் ஓரத்தில் ஒரு தோட்டம். கிணறு வற்றியதும் அதன் குடியானவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். அவர் நட்ட பீர்க்கங்கொடி மட்டும் போகவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு பச்சையாகவே நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம், தானாக முளைத்த பேய்ப்பீர்க்கும் நின்றது.

இரண்டுக்கும் ஒரே மாதிரி இலை. ஒரே மஞ்சள் பூ. காயின் மேல் ஒரே மாதிரி வரிகள். நல்ல காலத்தில் தோட்டத்துக் காய் நீளமாகவும் காட்டுக் காய் குட்டையாகவும் இருக்கும். இந்தப் பஞ்சத்தில் எல்லாமே குட்டை. ஒன்றைத் தின்றால் பசி தீரும். மற்றதைத் தின்றால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருள வேண்டும்.

விலங்குகள் தோட்டத்தில் கூடின.

"எது நல்ல காய், எது பேய்க்காய்? யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டது மொந்தன் என்ற காட்டுப்பன்றி. மொந்தனுக்கு எப்போதும் பசி. பசிக்காத நேரத்தில் தூங்கிக்கொண்டிருக்கும்.

யாரும் பேசவில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் பேச்சில்லாமல் இருப்பது ஆயிரங்கண்ணன் என்ற மயிலுக்குப் பொறுக்காது.

"எனக்குத் தெரியும்" என்றது மயில்.

"எப்படி ஐயா கண்டுபிடிப்பீர்கள்?" என்று கேட்டது சிற்றடி.

"பார்த்த மாத்திரத்தில்."

"இலையைப் பார்த்தா, பூவைப் பார்த்தா?"

மயில் இலையைப் பார்த்தது. பூவைப் பார்த்தது. பிறகு, "மொத்தமாகப் பார்த்து" என்றது.

அந்தப் பதில் எல்லோருக்கும் பிடித்திருந்தது. புரியாத பதில்களை விலங்குகளுக்கு எப்போதும் பிடிக்கும்.

"ஆனால் ஒன்று. ஆளாளுக்குக் கடித்துப் பார்த்துக் காயைப் பாழாக்கக் கூடாது. நான் காட்டுவதை மட்டும் தின்ன வேண்டும். மீறுகிறவர்களுக்குத் தோட்டத்தில் இடமில்லை" என்றது மயில்.

"சரி ஐயா, சரி ஐயா" என்றன எல்லாம்.

மயில் வேலியோரமாக மூன்று முறை நடந்தது. உண்மையைச் சொன்னால், அதற்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஆனால் முப்பது ஜோடிக் கண்கள் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

"வேலிக்கு உள்ளே தொங்குவது நல்ல காய். வெளியே தொங்குவது பேய்க்காய்" என்றது.

வேலி மனிதர்களுக்குத்தான் வேலி. கொடிகளுக்கு அது ஏணி. உள்ளே வேர்விட்டது வெளியே ஏறிக் காய்த்திருந்தது. வெளியே வேர்விட்டது உள்ளே ஏறிக் காய்த்திருந்தது. இரண்டும் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு கிடந்தன.

மொந்தன் தலையால் வேலியை இரண்டு முட்டு முட்டியது. இரு பக்கமும் காய்கள் பொலபொலவென்று உதிர்ந்தன.

உள்ளே விழுந்ததில் ஒன்று சிற்றடியின் முன்னால் வந்து நின்றது. குட்டி புதருக்குள் கத்தும் சத்தம் கேட்டது. சிற்றடி அவசரமாக வாயை வைத்தது. ஆனால் பழக்கம் விடவில்லை. நுனியில் எள்ளளவு மட்டும் கடித்து நாக்கில் வைத்தது.

வேப்பங்கொழுந்து கசக்கும் என்பார்கள். இதன் முன்னே வேப்பங்கொழுந்து கற்கண்டு. கசப்பு நாக்கிலிருந்து கிளம்பிக் காதுமடல் வரை ஏறியது. சிற்றடி தூவென்று துப்பியது.

"ஐயா, இது கசக்கிறது!"

"உன் நாக்கில் கோளாறு" என்றது மயில்.

"நாக்கு நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது, ஐயா."

"பசியில் எல்லாம் கசக்கும்."

"பசியில் எல்லாம் ருசிக்கும் என்றல்லவா கேள்விப்பட்டிருக்கிறேன்? நீங்களே ஒன்றைத் தின்று காட்டுங்கள். நீங்கள் தித்திப்பு என்று சொன்னால் நானும் தின்கிறேன்."

எல்லோரும் மயிலைப் பார்த்தார்கள். மயில் ஒரு காயைக் கொத்தி விழுங்கியது.

முதலில் கழுத்து நடுங்கியது. பிறகு தோகை, யாரும் கேட்காமலே, முழுசாக விரிந்தது. கால்கள் ஒன்று மாற்றி ஒன்று தூக்கின.

"ஆடுகிறார்! மழையே இல்லாமல் ஆடுகிறார்! அவ்வளவு ருசி!" என்று கூவின முயல்கள்.

"ஐயா, எப்படி இருக்கிறது?" என்று கேட்டது மொந்தன்.

மயிலின் கண்களில் நீர் கட்டியிருந்தது. 'தெரியாமல் சொல்லிவிட்டேன்' என்று ஒரு வார்த்தை சொல்ல அப்போதும் நேரம் இருந்தது.

"தித்திப்பு" என்றது மயில்.

அவ்வளவுதான். மொந்தன் பன்னிரண்டு காயை விழுங்கியது. ஒன்றையும் மெல்லவில்லை, ஆகவே கசப்பு அதற்குத் தெரிய வழியில்லை. முயல்கள் ஆளுக்கு ஒன்றைத் தின்று, முகம் சுளித்து, அடுத்தவர் சுளிக்கிறாரா என்று பார்த்து, மென்று முடித்தன.

"நீ ஏன் தின்னவில்லை?" என்று சிற்றடியைக் கேட்டது மயில்.

"எனக்கு என்னைவிடக் குட்டி பெரிது, ஐயா. நான் நோயில் விழுந்தால் அதற்குப் பால் இல்லை."

"பேச்சு மாறினாய். அதோடு கடித்தும் பார்த்துவிட்டாய். வெளியே போ."

சிற்றடி குட்டியை முன்னால் விட்டு, வேலியின் ஓட்டை வழியாக வெளியேறியது. ஒருவரும் தடுக்கவில்லை. அங்கே, மயில் பேய்க்காய் என்று ஒதுக்கியவை உதிர்ந்து கிடந்தன. இவற்றை விட்டால் சிற்றடிக்கு வேறு ஆகாரம் இல்லை.

ஒரு காயை எள்ளளவு கடித்தது. கசப்பு. துப்பியது. அடுத்ததும் கசப்பு. மூன்றாவது இனித்தது. சிற்றடிக்கு நம்பிக்கை வரவில்லை. இன்னும் கொஞ்சம் கடித்துப் பார்த்து, காத்திருந்து, வயிறு ஒன்றும் சொல்லாததால் முழுவதையும் தின்றது. இப்படியே பத்துக் காயைச் சோதித்து நான்கைத் தின்றது. உச்சிவேளையில் குட்டி வயிறு முட்டப் பால் குடித்துவிட்டுத் தூங்கியது. அந்த இரண்டு நாளில் சிற்றடி முதன்முறையாகக் கால் மடக்கிப் படுத்தது.

(குழந்தைகளே, நீங்கள் காட்டுக்காய் எதையும் கடித்துப் பார்க்கக் கிளம்பிவிடாதீர்கள். சருகுமானுக்கு வயிற்றில் பல அறைகள். உங்களுக்கு ஒன்றுதான்.)

உச்சிவேளையில்தான் வேலிக்குள்ளே முனகல் ஆரம்பித்தது. மொந்தன் வாந்தியும் பேதியுமாகப் போய்ப் போய், எழ முடியாமல் பக்கவாட்டில் கிடந்தது. முயல்கள் வரிசையாகக் கிடந்தன. ஆயிரங்கண்ணனைக் காணவில்லை. ஆனால் ஒரு புதரின் பின்னாலிருந்து தோகை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது, அடிக்கடி குலுங்கியது.

"சிற்றடி, தாயே, தாகம் தாங்கவில்லை. நீர்க்காய் ஏதாவது இருக்கிறதா?" என்று முனகியது மொந்தன்.

தன்னைத் துரத்தியபோது இந்த மொந்தன் வாய் திறக்கவில்லை என்பது சிற்றடிக்கு நினைவு வந்தது. மனம் கொஞ்சம் கசந்தது. ஆனாலும் எழுந்தது. ஒவ்வொரு காயாக எள்ளளவு கடித்து, கசந்ததைத் தள்ளிவிட்டு, இனித்ததை மூக்கால் உருட்டி ஓட்டை வழியாக உள்ளே விட்டது.

"எப்படிக் கண்டுபிடிக்கிறாய்?" என்று கேட்டது ஒரு முயல்.

"கண்டுபிடிப்பது கிடையாது. பார்த்தால் எனக்கும் தெரியாது. எள்ளளவு கடி, கசந்தால் துப்பு. இவ்வளவுதான்."

மாலைக்குள் சிற்றடியின் நாக்கு மரத்துப்போயிற்று. அதற்குள் முயல்கள் தேறிவிட்டதால், மற்றவற்றை அவையே கடித்தும் துப்பியும் பிரித்தன. தோட்டம் முழுவதும் தூ, தூ என்ற சத்தம். யாரும் சாகவில்லை. மொந்தன் எழுந்து, ஒரு காயை வாழ்க்கையில் முதன்முறையாக மென்று பார்த்தது.

எல்லோரும் கலைந்த பிறகு புதரிலிருந்து மயில் வெளியே வந்தது. தோகை மடிந்திருந்தது. ஒரு காயை அலகால் தள்ளிக்கொண்டு வந்து சிற்றடியின் முன்னால் வைத்தது.

"இது எந்தக் காய்?" என்று மெதுவாகக் கேட்டது.

"தெரியாது, ஐயா" என்றது சிற்றடி.

மயில் நெடுநேரம் அந்தக் காயையே பார்த்துக்கொண்டு நின்றது.

"எனக்கும் தெரியாது" என்றது கடைசியில். பிறகு குனிந்து, எள்ளளவு கொத்தியது.

நீதி: தெரியாததைத் தெரியும் என்று சொல்பவர் தம் வயிற்றை மட்டும் கெடுத்துக்கொள்வதில்லை; நம்பியவர் வயிற்றையும் கெடுக்கிறார்.