நூறு மூச்சு

கல்லைப் புரட்டியதும் எதுவும் தெரிந்துவிடாது. நீர் பார்க்கிறவர்களுக்கு முதல் பாடமே அதுதான். ஓடையிலிருந்து ஒரு கல்லை எடுத்து, ஓடைத் தண்ணீர் ஊற்றிய வெள்ளைத் தட்டில் வைத்து, ஆடாமல் அசையாமல் நூறு மூச்சு எண்ண வேண்டும். பயந்து ஒளிந்த பூச்சிகள் அதற்குள் வெளியே வந்துவிடும். மூன்று வால் பூச்சியும், மணலை ஒட்டிக் கூடு கட்டும் புழுவும் நஞ்சைத் தாங்காதவை. அவை உயிரோடு இருந்தால் மனிதர்கள் குடிக்கலாம். இல்லையென்றால் ஊருக்குத் தண்ணீர் விடும் மடைப்பலகையைத் தூக்கக் கூடாது.

செவந்தி பத்து நாளாக எண்ணினாள். பத்து நாளும் தட்டில் எதுவும் அசையவில்லை.

மலைமேல் ஏலத்தோட்டத்தில் மருந்து அடித்த டிரம்களை யாரோ ஓடையில் கழுவிவிட்டார்கள். அன்று மீன்கள் வயிறு வெளுத்து மிதந்தன. அது தெரிவதற்கு முன்பே அந்தத் தண்ணீரில் கஞ்சி கரைத்துத் தன் குழந்தைக்கு ஊட்டியிருந்தாள் செவந்தி. எட்டு மாதக் குழந்தை வடிவு. மாலைவரை வாந்தி. உடம்பு துவண்ட துணியாகிவிட்டது. எப்படியோ பிழைத்துக்கொண்டாள். மறுநாளே சிரித்தாள். பெற்றவள்தான் சிரிக்கவில்லை.

அன்றே குரு நீலவேணி மலைக்கு அந்தப் பக்கம் கிளம்ப வேண்டியிருந்தது. அங்கேயும் இரண்டு ஓடைகள் காத்திருந்தன.

"மடையை மூடியாயிற்று. மேலே காவலுக்கும் ஆள் போட்டாயிற்று. இனி யாரும் கழுவ மாட்டார்கள். நீ தினமும் பார். நல்லதென்று தெரிகிற அன்று பலகையைத் தூக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

குரு செவந்தியைவிட மூன்று வயது இளையவர். இருந்தால் என்ன, குரு குருதான்.

பதினோராம் நாள் காலையில் கீழூர் இசக்கியம்மாள் வெறுங்குடத்தோடு ஏறி வந்தாள். பின்னால் அவள் கொழுந்தன் குத்தாலிங்கம்.

"ஏ தாயி, இன்னைக்காவது தொறப்பியா?"

"இல்லக்கா. பூச்சி இன்னும் வரல."

"வரலன்னா? வெத்தலை பாக்கு வச்சு அழைக்கணுமோ?"

குத்தாலிங்கம் சிரித்துவிட்டான்.

"பல்லக் காட்டாதடே!" என்று அவன் பக்கம் திரும்பினாள் இசக்கி. "மூத்தவனுக்கு வயித்தோட்டம். சின்னவளுக்கு ஆஸ்பத்திரில குளுக்கோஸ் ஏறுது. உனக்குச் சிரிப்பு வருது."

செவந்தி குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டாள். "விஷத் தண்ணியத் தொறந்துவிட்டு, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா? நான் யாருக்கு என்ன பதில் சொல்லுவேன்?"

"உனக்கென்ன. உம் பிள்ளைக்குக் குடிலுக்குப் பின்னால ஊத்து சொட்டுது."

அந்த ஊற்றில் நாளெல்லாம் வைத்தால் ஒரு குடம்தான் நிறையும். இசக்கி முனகிக்கொண்டே மடைக்குக் கீழே, பத்து நாளாக ஊர் குடித்துவந்த குட்டைக்கு இறங்கிப் போய்க் குடத்தில் மொண்டாள்.

அவள் நிமிர்ந்தபோது குரு வந்துகொண்டிருந்தார். காலெல்லாம் புழுதி. யாரையும் நலம் விசாரிக்கவில்லை. இறங்கியே கிடந்த பலகையைப் பார்த்தார். பிறகு செவந்தியைப் பார்த்தார்.

"காட்டு."

செவந்தி குழந்தையை மடியில் இருத்திக்கொண்டு உட்கார்ந்தாள். கல்லைத் தட்டில் வைத்தாள். உதடு அசைய எண்ணத் தொடங்கினாள். எதிரே குருவும் உட்கார்ந்து, விரல் மடக்கித் தன் மூச்சை எண்ணினார்.

தட்டுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. கல்லில் ஒட்டியிருந்த மணல் கூடுகள் வெறுங்கூடுகளாகத் தெரிந்தன. எதுவும் வரவில்லை.

"நூறு," என்றாள் செவந்தி. "பார்த்தீர்களா குருவே? தினமும் இப்படித்தான்." கல்லைத் தூக்கக் கை போயிற்று.

"தொடாதே. நான் நாற்பத்திரண்டில் இருக்கிறேன்."

செவந்தி குனிந்து தன் மார்பைப் பார்த்தாள். மேட்டில் ஓடி ஏறியவளுடையதுபோல் அது ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பத்து நாளாக ஒவ்வொரு காலையும் அப்படித்தான்.

கையை எடுத்துக்கொண்டாள்.

ஐம்பது. அறுபது. இசக்கியம்மாள் குடத்தோடு வந்து, இறக்கி வைக்கவும் மறந்து நின்றாள்.

அறுபத்தெட்டில், கல்லின் விளிம்பில் தூசி என்று செவந்தி நினைத்திருந்தது நகர்ந்தது. அதற்கு மூன்று வால் இருந்தது. பின்னாலேயே இன்னொன்று. ஒரு மணல் கூட்டிலிருந்து கறுத்த தலை எட்டிப் பார்த்து உள்ளே இழுத்துக்கொண்டது. கொஞ்சம் பொறுத்து மறுபடி எட்டிப் பார்த்தது.

குரு இடையில் நிறுத்தவில்லை. நூறு ஆனதும் கேட்டார்.

"எத்தனை?"

"பதினேழு."

"அதில் கடுகு அளவில்?"

"எட்டு." செவந்தி இன்னும் குனிந்து பார்த்தாள். "எல்லாம் புதிதாகப் பிறந்தவை, குருவே. விஷம் கலந்த அன்றைக்கு இவை இருந்திருக்க முடியாது."

"அப்படியானால்?"

செவந்தி எழுந்து மடையருகே போனாள். பலகையின் மேல் கையை வைத்தாள். கை அங்கேயே நின்றது. இடுப்பில் வடிவு தாயின் காதுத் தோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஒரே ஒரு நாள் பார்த்துவிடலாமா?"

"எதற்கு?"

"மனசுக்கு. திறந்தால்தானே பயம். மூடியே இருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லையே."

குரு தட்டை எடுத்துப்போய்ப் பூச்சிகளையும் கல்லையும் எடுத்த இடத்திலேயே விட்டார். தட்டை அலசினார். திரும்பி வந்து இசக்கியம்மாளிடம் கை நீட்டினார்.

"குடத்தைக் கொடுங்கள்."

"சாமியம்மா, இது குட்டைத் தண்ணில்லா."

"தெரியும்."

தட்டு நிறைய ஊற்றினார். பலகையருகே கொண்டுபோய்ச் செவந்தியின் முன்னால் வைத்தார்.

"இதையும் பார்."

இதற்கு நூறு மூச்சு வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது மூச்சிலேயே சிவப்புப் புழுக்கள் நெளிந்தன. கொசுக் குஞ்சுகள் தலைகீழாகத் துள்ளின. பச்சை நூலாக ஏதோ அவிழ்ந்து படர்ந்தது. வடிவு ஆசையாகத் தட்டை நோக்கிக் கையை நீட்டினாள். செவந்தி வெடுக்கென்று அந்தக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

"குடிக்கலாமா?" என்று கேட்டார் குரு.

"ஐயோ, கூடாது."

"யார் திறந்துவிட்டது?"

"இதை யாரும் திறக்கவில்லையே, குருவே. குட்டையில் கிடக்கிற தண்ணீர்தானே?"

குரு தட்டை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தினார்.

"பலகை மூடியிருக்கிற ஒவ்வொரு நாளும் நீ திறந்துவிடுகிற தண்ணீர் இது."