எண்ணெய்க்குக் கேட்காத நகம்

கொட்டாரக்குளத்தில் பலவேசம், கொம்பையா, உலகு என்று அண்ணன் தம்பி மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேருக்கும் சேர்த்துப் புத்தி ஒன்றுதான். அது இப்போது யாரிடம் இருக்கிறது என்பதில்தான் அவர்களுக்குள் தகராறு. அக்காள் மகன் தளவாயை வளர்த்து ஆளாக்கியவர்கள் இவர்கள். ஆகவே தளவாயைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை.

தளவாய்க்கு ஐஸ் கம்பெனியில் வேலை. ரப்பர் பூட்ஸ் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர், "மூணு வருசத்துக்குக் கழட்டிப் போட வேண்டியதே இல்ல" என்று சொல்லிவிட்டார். பெரியவர் பேச்சைத் தட்டக் கூடாது என்று மாமன்மார் சொல்லிக் கொடுத்திருந்ததால், அவன் பூட்ஸோடு குளித்தான், பூட்ஸோடு தூங்கினான், பூட்ஸோடு கோயிலுக்குப் போய் வாசலிலேயே நின்று கும்பிட்டுவிட்டு வந்தான். மூன்று வருடம் முடிந்த அன்று காலையில் கழற்றிப் பார்த்தால், வலது கால் பெருவிரல் நகம் மஞ்சளாகத் தடித்து, பழைய வெல்லக்கட்டி மாதிரி ஓரத்தில் உதிர்ந்துகொண்டிருந்தது. நகச்சொத்தை என்றார்கள் ஊரில்.

மற்ற நேரமாயிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பார்கள். அந்த மாதம்தான் முப்பத்தாறு வயதில் அவனுக்குப் பெண் அமைந்திருந்தது. பெண் பெயர் செண்பகவடிவு. தளவாய்க்கு அவளை அவ்வளவு பிடித்துப்போயிற்று. பெண் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து ஐஸ் கட்டியைப் பார்த்தெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தான்.

சிக்கல் மச்சினனால் வந்தது. செண்பகவடிவின் அண்ணன் ஆறுமுகநயினார் டவுனில் செருப்புக் கடை வைத்திருந்தார். எதிரே யார் வந்தாலும் முதலில் காலைப் பார்ப்பார், சௌகரியப்பட்டால் பிறகு முகத்தைப் பார்ப்பார். பெண் பார்க்கப் போன அன்று அவர் கடையில் இருந்ததால் தளவாய் தப்பினான். அவர்கள் வழக்கப்படி கல்யாணத்தன்று மச்சினன்தான் மாப்பிள்ளைக்குக் கால் கழுவி, விரலில் வெள்ளி மிஞ்சி போட்டுவிட வேண்டும்.

"கால தூக்கிப் பாத்துட்டு, இந்தச் சம்பந்தமே வேண்டாம்னு எந்திரிச்சுப் போயிட்டாருன்னா நான் என்ன மாமா செய்வேன்?" என்று தளவாய் சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தான். கல்யாணத்துக்கு நாற்பது நாள்தான் இருந்தது.

மாமன்மார் மூவரும் அவனை டவுனுக்கு அழைத்துப்போய் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினார்கள். அந்த அம்மாள் பொறுமைசாலி. இது பூஞ்சை, மாத்திரை இருக்கிறது, அதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்றெல்லாம் விளக்கினார். மாத்திரை என்றதும் மாமன்மார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வியாதி இருப்பது காலில். மாத்திரை போடுவது வாயில். அது வழி கேட்டுக்கொண்டு அவ்வளவு தூரம் எப்போது போய்ச் சேர்வது? எண்ணெய் என்றால் நேராக நகத்துக்கே விடலாமே என்று பலவேசம் கேட்டார்.

"வேப்பெண்ணெய், டீ ட்ரீ எண்ணெய்னு தடவிப் பாக்கறவங்க இருக்காங்க" என்றார் டாக்டரம்மா. "ஆரம்பத்துல வந்திருந்தாக் கொஞ்சம் கேட்டாலும் கேட்டிருக்கும். இது முத்திப்போன நகம். எண்ணெய்க்கெல்லாம் கேக்கும்னு எனக்குத் தோணல."

மூவரும் மாத்திரைச் சீட்டை மடித்துப் பத்திரமாக வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து இந்த வார்த்தையை வைத்து ஆலோசனை செய்தார்கள்.

"வயசானா யாருக்குத்தான் காது கேக்கும்?" என்றார் கொம்பையா. "முத்துன நகம்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாவ."

"அதுக்காக எண்ணெயக் குத்தம் சொல்லக் கூடாது. எண்ணெய் மெதுவாப் பேசுத சாதி" என்றார் பலவேசம். "அது சொல்லுதத நாம சத்தமா எடுத்துச் சொல்லுவோம்."

மறுநாள் காலை வேப்பெண்ணெய் வந்தது. உலகு நகத்தில் இரண்டு சொட்டு விட, பலவேசம் குனிந்து, கால் விரலுக்கு ஒரு சாண் தூரத்தில் வாயை வைத்து, "வேப்பெண்ணெய் வந்திருக்கு, வழிய விடு" என்று கத்தினார். மூன்று நாள் இப்படிக் கத்தியதில் பக்கத்து வீட்டு எருமை பால் சுரப்பதை நிறுத்திக்கொண்டது. நகம் அசையவில்லை.

அடுத்தது டீ ட்ரீ எண்ணெய். சின்னக் குப்பி, பெரிய நெடி. இது சீமைச் சரக்கு, இதற்குத் தமிழ் தெரியாது, ஆகையால் இங்கிலீஷில்தான் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று கொம்பையா கண்டுபிடித்தார். மூவரில் உலகுதான் ஐந்தாவது வரை படித்தவர். அவருக்கு இங்கிலீஷில் தெரிந்தது 'சிட்டவுன்' ஒன்றுதான். அதை ஒரு வாரம், காலையும் மாலையும் நகத்தைப் பார்த்து அதட்டினார். நகமும் முன்னைவிட அழுத்தமாக உட்கார்ந்துகொண்டது. நகம் சொன்னபடி கேட்டது அந்த ஒரு எண்ணெய்க்குத்தான்.

நாள் ஓடிக்கொண்டிருந்தது. தளவாய் பாதி ஆளாகிவிட்டான். மறுபடியும் டாக்டரம்மாவிடம் போனார்கள். நடந்ததைக் கேட்டதும் அவர் நாற்காலியை அவர்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார்:

"மாத்திரை சாப்பிட்டாலும் உடனே சரியாகாது. பழைய நகம் கொஞ்சம் கொஞ்சமா வெளிய போயி, புது நகம் முழுசா வளர ஒரு வருஷம்கூட ஆகும். அதுவரைக்கும் கண்ணுல விளக்கெண்ணெய விட்டுக்கிட்டுப் பாத்துக்கணும்."

வெளியே வந்ததும் பலவேசம் கண் கலங்கி நின்றார். "எண்ணெய் மேல தப்பே இல்லடா. விட்ட இடம்தான் தப்பு. நகத்துல விட்டா எப்படிக் கேக்கும்? கண்ணுலல்லா விடணும்."

அன்று மத்தியானமே ஒரு பாட்டில் விளக்கெண்ணெய் வாங்கினார்கள். பழைய நகம் வெளியே போக வசதியாக வாசல் கதவைத் திறந்து வைத்தார்கள். நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு கண்ணிலும் தாராளமாக விட்டுக்கொண்டு, நகம் கிளம்புவதைப் பார்க்கக் காத்திருந்தார்கள்.

"நகம் தெரியுதா?" என்று கேட்டார் பலவேசம்.

"தெரியல" என்றார் உலகு.

"நல்லாப் பாரு."

"நல்லாத்தான் பாக்கேன். நகமும் தெரியல, காலும் தெரியல, நீங்களும் தெரியல."

"அப்ப போயிருச்சு" என்றார் கொம்பையா. நாலு பேரும் தட்டுத் தடுமாறி ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். தளவாய்க்குப் பல நாளுக்குப் பிறகு பசித்தது. அவன் பக்கத்தில் இருந்த தவிட்டுப் பானையில் கையை விட்டு, ருசியாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டான்.

மறுநாள் சீயக்காய் போட்டுத் தலை முழுகியதும் நகம் பழையபடி வந்து நின்றது. மூவரும் கலங்கவில்லை. வைத்தியம் பலித்ததை அவர்கள் கண்ணாலேயே பார்த்திருந்தார்கள். பார்க்கிறவன் கண்ணில் எண்ணெய் இருக்கும்வரை நகம் இராது என்பது ருசுவாகிவிட்டது. அப்படியானால் கல்யாணத்தன்று எண்ணெய் இருக்க வேண்டியது மச்சினன் கண்ணில்தான்.

கல்யாணத்தன்று மண்டப வாசலில் உலகு பன்னீர்ச் செம்போடு நின்றார். செம்புக்குள் விளக்கெண்ணெய் இருந்தது. ஆறுமுகநயினார் முகத்தில் மட்டும் தெளிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் ஒருவருக்குத் தெளித்து மற்றவரை விட்டால் கல்யாண வீட்டில் மரியாதையில்லை என்று உலகுக்குப் பட்டது. முந்நூறு பேருக்கும், நாதஸ்வரக்காரர் உட்பட, கண் பார்த்துத் தெளித்தார். ஆறுமுகநயினாருக்கு, நெருங்கிய உறவென்று, இரண்டு தடவை தெளித்தார்.

மண்டபம் முழுக்கத் துண்டும் முந்தானையுமாகக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தது. ஆறுமுகநயினார் மணையைத் தடவி வந்து உட்கார்ந்து, கைக்கு அகப்பட்ட காலைப் பிடித்துத் தாம்பாளத்தில் வைத்துக் கழுவினார். "நல்ல காலு" என்று மனம் விட்டுச் சொன்னார். மிஞ்சியை எடுத்து விரலில் அழுத்திப் போட்டார். பிறகு வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். அது, துணைக்கு மணையில் உட்கார்ந்திருந்த கொம்பையாவின் கால். பக்கத்தில் தளவாய் தன் காலை வேட்டிக்குள் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மேளக்காரர்கள் கை ஓங்கியபடி நின்றுவிட்டார்கள். ஆறுமுகநயினார் வேட்டியை விலக்கி, அந்தப் பெருவிரலைப் பார்த்தார். அவர் முகம் கறுத்தது. தளவாய் கண்ணை மூடிக்கொண்டான்.

அப்போது செண்பகவடிவு தலை நிமிராமலே பேசினாள். "அண்ணே, அந்த நகத்த, அவுக பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே நான் பாத்தாச்சு. டாக்டர்ட்டக் காட்டினா ஒரு வருசத்துல சரியாப் போயிரும். அந்த மிஞ்சியக் கழட்டி அவுகளுக்குப் போடுங்க. முகூர்த்தம் போவுது."

தளவாய் அழுதான், சந்தோஷத்தில். ஆறுமுகநயினாரும் மிஞ்சியைக் கழற்றக் கை நீட்டினார். எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். மிஞ்சிதான் கொம்பையாவின் விரலை விட்டு வர மாட்டேன் என்றது. இழுத்தார்கள், திருகினார்கள், கொம்பையா மணையோடு நகர்ந்தாரே தவிர மிஞ்சி நகரவில்லை.

"சொட்டு எண்ணெய் விட்டாக் கழண்டுரும்" என்றார் ஐயர்.

உலகு செம்பைக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டு இல்லை. முழுவதும் சபையோர் கண்ணுக்குள் போயிருந்தது. மூவரும் தலையோடு தலை வைத்து ஆலோசித்தார்கள். கொடுத்தது எங்கே இருக்கிறதோ அங்கிருந்துதான் திரும்ப வாங்க வேண்டும் என்று பலவேசம் தீர்ப்புச் சொன்னார். முந்நூறு பேரையும் வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவராக வந்து கொம்பையாவின் காலடியில் குனிந்து, ஆளுக்குக் கொஞ்சம் அழுதுவிட்டுப் போகும்படி கேட்டுக்கொண்டார். முகூர்த்தம் தப்பிவிடக் கூடாதே என்ற பதைப்பில் சனங்களும் வரிசையில் நின்றார்கள்.

பஸ் கிடைக்காமல் தாமதமாக வந்த ஒரு சித்தப்பா வாசலில் நின்று இதைப் பார்த்தார். மண்டபம் நிறைய ஆட்கள், நடுவில் நீட்டிய கால், வரிசையாக வந்து விழுந்து அழுகிறார்கள். அவர் மேல்துண்டை இடுப்பில் இறக்கிக் கட்டிக்கொண்டு, உலகிடம் வந்து, "எப்பம் ஆச்சு?" என்று தழுதழுத்தார்.

"இன்னும் ஆகல, சித்தப்பா" என்றார் உலகு. "நீங்க போயி ஒரு பாட்டம் அழுதியன்னா, உடனே ஆயிரும்."