பச்சோந்தி கூப்பிட்டால் யாரோடு போவது?

ஒரு காட்டில் ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. சிரிக்காதீர்கள் குழந்தைகளே. மிருகங்களுக்கும் வயிற்றுவலி வரும், காலில் முள் ஏறும், காதுக்குள் உண்ணி பிடிக்கும். அதையெல்லாம் யார் பார்ப்பது, உங்கள் பெரியப்பாவா?

பெரிய மருதமரத்தடியில் அந்த ஆஸ்பத்திரி நடந்தது. மூன்றே பேர் ஓடி ஓடி வேலை செய்தார்கள். முதலாவது, உண்ணிக்கொக்கு. எருமைக்கும் மானுக்கும் உண்ணி பொறுக்கி, புண்ணைச் சுத்தம் செய்யும். தங்கமான கொக்கு, ஆனால் சரியான பயந்தாங்கொள்ளி. பக்கத்தில் சருகு விழுந்தாலும் "ஐயோ, நான் இல்லை!" என்று குதிக்கும்.

இரண்டாவது, கரடி. புண்ணுக்குத் தேன் தடவிக் கட்டுப் போடும். தேனில் பாதி அதன் வாய்க்குப் போய்விடும், அது கிடக்கட்டும். யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடும், அதுதான் அதன் வியாதி.

மூன்றாவது, கீரி. பாம்புக்கடி வார்டு அதன் பொறுப்பு. "என்னை விட்டா இந்தக் காட்டுல விஷம் இறக்க யாருக்குத் தெரியும்?" என்று காலையில் கண் விழித்ததும் ஆரம்பித்துவிடும். கர்வம் என்றால் அப்படி ஒரு கர்வம்.

மூவருக்கும் ஒரே கவலைதான். வேலை நிரந்தரம் இல்லை. ஒரு மழையிலிருந்து அடுத்த மழை வரைக்கும்தான் கணக்கு. மழை வந்ததும் மேலாளர் மனசு வைத்தால் இன்னொரு வருஷம் ஓடும். வைக்காவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்கள் மட்டுமே மருதமரத்தில் கூடு வைக்கலாம் என்று ஒரு விதி வேறு. கொக்கின் கூட்டில் மூன்று குஞ்சுகள் இருந்தன. அவற்றுக்கு இன்னும் இறகுகூட முளைக்கவில்லை. வேலை போனால் குஞ்சுகளை எங்கே தூக்கிக்கொண்டு போவது?

மேலாளர் யார் என்று கேட்கிறீர்களா? பச்சோந்தி. எதிரில் யார் நின்றாலும் அவர் நிறத்துக்கு மாறி, "நானும் உங்க ஆளுதான்" என்று சொல்லும். அப்படிச் சொல்லிச் சொல்லியே மேலாளர் ஆனது.

சங்கம் என்று ஒன்றும் இருந்தது. அதன் பிரதிநிதி ஆள்காட்டிக் குருவி. வெட்டவெளியில் நின்றுகொண்டு, யார் நடந்தாலும் யார் நகர்ந்தாலும் தொண்டை கிழியக் கத்தும். காட்டிலேயே அதிகம் திட்டு வாங்குகிற பறவை அதுதான்.

"கத்துறதுக்கு ஒரு சங்கம், அதுக்கு ஒரு தலைவி!" என்று கீரி கேலி செய்யும்.

முதல் மழை விழுந்தது. பச்சோந்தி கரடியைத் தனியாகக் கூப்பிட்டது. கரடியைப் பார்த்ததும் கரேலென்று ஆனது.

"கரடியண்ணே, நானும் உங்க ஆளுதான். இந்த வருஷம் ரெண்டு பேரை அனுப்பணும்னு முடிவாயிடுச்சு. உங்களை மட்டும் நான் விடமாட்டேன். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. இந்த இலையில ஒரு கால் ரேகை வையுங்க, போதும்."

"இலையில என்ன எழுதியிருக்கு?"

"சும்மா, வழக்கமா எழுதுறதுதான்."

கரடி நம்பியது. தேன் ஒட்டிய கையாலேயே அழுத்தி ஒரு முத்திரை வைத்தது.

அடுத்து கீரி போனது. பச்சோந்தி பழுப்பாக மாறியது. "உங்களை மாதிரி கெட்டிக்காரரை விட முடியுமா? மத்த ரெண்டும் தண்டம். நானும் உங்க ஆளுதான்" என்றது. கீரிக்குத் தலைகால் புரியவில்லை. கால் ரேகையை வைத்ததோடு நிற்காமல், "அந்தக் கொக்கு பொறுக்கின உண்ணியைப் பாதி கீழேதான் போடுது சார்" என்று கேட்காத சேதியையும் சொல்லிவிட்டு வந்தது.

கடைசியில் கொக்கு போனது. பச்சோந்தி வெள்ளை வெளேரென்று ஆகி, அதே பாட்டைப் பாடியது. கொக்கு காலைத் தூக்கியது, இலை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

"சார், கால் நடுங்குது. நாளைக்கு வெச்சுத் தரேன் சார்."

"நாளைக்குக் காலையில வரலேன்னா, சாயங்காலம் கூட்டைக் காலி பண்ணிடணும்" என்றது பச்சோந்தி. அப்போதும் வெள்ளையாகத்தான் இருந்தது.

கொக்கு இலையை அலகில் கவ்விக்கொண்டு பறந்தது. கூட்டுக்குப் போகத் தைரியம் இல்லை. வெட்டவெளியில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து அழுதது.

"யாரது? யாரது அங்கே? ஏன் அழறே?" என்று கத்தியபடி ஆள்காட்டி ஓடி வந்தது.

"மெதுவாக் கேளு அக்கா. எல்லாருக்கும் கேட்டுடும்."

"கேக்கட்டுமே. தப்பு நீ பண்ணினியா? இல்லைல்ல? குஞ்சுங்களுக்கு ஊட்டியாச்சா?"

"இல்லை."

"முதல்ல போய் ஊட்டிட்டு வா. இலை எங்கேயும் ஓடிடாது, நானும் ஓடிட மாட்டேன்."

கொக்கு போய் ஊட்டிவிட்டு வந்தது. வருவதற்குள் கொஞ்சம் மூச்சு சீரானது. ஆள்காட்டி அதற்குள் இலையை மூன்று தரம் படித்து முடித்திருந்தது.

"கேட்டுக்கோ. 'நான் என் சொந்த விருப்பத்தின் பேரில், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், ஆஸ்பத்திரி வேலையை விட்டு விலகுகிறேன்.' இதுதான் எழுதியிருக்கு. தேதி போடலை பாரு. என்னைக்கு வேணுமோ அன்னைக்குப் போட்டுக்குவார் மகராசன்."

"என்னை மட்டும் விடமாட்டேன்னு சொன்னாரே!"

"உன்னை மட்டும்னு இன்னும் எத்தனை பேருக்குச் சொன்னாரோ? வா, கேட்டுடலாம்."

இரண்டும் கரடியிடம் போயின. கரடி கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது. "என்கிட்ட யாரும் எதுவும் சொல்லலையே. மூச்சு விடாதீங்கன்னுகூடச் சொல்லலை!" என்றது.

கீரி அந்தப் பக்கமே திரும்பவில்லை. "என் வேலைக்கு ஒரு ஆபத்தும் இல்லை. போய் வேற வேலை பாருங்க."

ஆள்காட்டி வாதாடவில்லை. இலையில் இருந்ததை உரக்கப் படித்தது, அவ்வளவுதான்.

கரடி தொப்பென்று உட்கார்ந்தது. "ஐயையோ, நான் முத்திரை குத்திட்டேனே!"

கீரி வாலைச் சிலிர்த்தது. பிறகு முனகலாகச் சொன்னது: "நானும்தான்."

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னியா?" என்று கொக்கு கேட்டது.

"நீ உண்ணியைக் கீழே போடறேன்னு..."

"போன மாசம் நீ காய்ச்சல்ல கிடந்தப்போ உன் வார்டை யார் பார்த்தா? பாம்பைக் கண்டா எனக்கு உயிரே போயிடும். ஆனாலும் உனக்காகப் பார்த்தேன். அதுக்கு இதுவா நீ செய்யறது?" கொக்கு கோபப்பட்டு அதுவரை யாரும் பார்த்ததில்லை. கீரி தலையைத் தொங்கப் போட்டது.

"சண்டையை மழைக்கு அப்புறம் வெச்சுக்கலாம்" என்றது ஆள்காட்டி. "மேலாளர் கூப்பிட்டா துணைக்கு ஒருத்தரைக் கூட்டிட்டுப் போகலாம்னு ஆஸ்பத்திரிச் சட்டத்துல இருக்கு. இந்த மரத்தடியில யாராவது அதைப் படிச்சிருக்கீங்களா? இல்லை. என்னைக் கேலி பண்ண மட்டும் நேரம் இருக்கு!"

மறுநாள் காலை பச்சோந்தி கிளையில் காத்திருந்தது. கொக்கு வந்தது. கொக்குக்குப் பின்னால் ஆள்காட்டி வந்தது. அதற்குப் பின்னால் கரடி, கரடிக்குப் பின்னால் கீரி.

"நான் கொக்கை மட்டும்தானே கூப்பிட்டேன்?"

"கொக்குக்குத் துணை நான்" என்றது ஆள்காட்டி. "ஒருத்தருக்கு ஒரு துணைன்னு சட்டம் சொல்லுது."

"அப்போ இந்தக் கரடி?"

"எனக்குத் துணை கரடி."

"கீரி?"

"கரடிக்குத் துணை கீரி. அவருக்குத் தனியா வரப் பயம்."

"ஆமாம், பயம்!" என்றது கரடி. பயப்படாமலே சொன்னது.

"சரி சார், நேத்து ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியாச் சொன்னீங்களே, அதை இப்போ எல்லார் எதிர்லயும் ஒருதரம் சொல்லுங்க" என்றது ஆள்காட்டி.

பச்சோந்தி தொண்டையைக் கனைத்தது. கொக்கைப் பார்த்து வெளுத்தது. "நானும் உங்க..." என்று ஆரம்பித்ததும் கரடி ஒரு அடி முன்னால் வந்தது. பச்சோந்திக்குத் தலை கறுத்தது. கீரி நகர்ந்தது, வால் பழுப்பாயிற்று. வெள்ளையா, கறுப்பா, பழுப்பா என்று உடம்பு முழுக்கத் திட்டுத் திட்டாக வந்து, ஒரு கண் கரடியையும் மறு கண் கீரியையும் பார்க்க, தலை சுற்றிப் பொத்தென்று கிளையிலிருந்து விழுந்தது.

அந்த நேரம் பார்த்து வார்டிலிருந்து ஒரு கர்ஜனை கேட்டது. சிங்கராஜா! காலில் முள் ஏறி, முந்தின நாள்தான் வந்து படுத்திருந்தார். முள்ளை எடுத்தாகிவிட்டது, கட்டு பாதியில் தொங்கியது. நொண்டிக்கொண்டே அவர் அங்கே வந்து சேர்ந்தார்.

"யாருடா அது, கட்டை அரைகுறையா விட்டுட்டு வந்தது? கரடி எங்கே?"

"நான் வேலையை விட்டுட்டேனாம் ராஜா. சொந்த விருப்பத்துலயாம். எனக்கே நேத்து ராத்திரிதான் தெரிஞ்சுது" என்றது கரடி.

சிங்கராஜா பச்சோந்தியைப் பார்த்தார். அது அவசர அவசரமாக மஞ்சளாக மாற முயன்றது. "ராஜா, நானும் உங்க ஆளுதான். இவங்க மூணு பேரும் வேண்டாம். எல்லா வேலையையும் ஒண்டியாளாப் பார்க்க என் மச்சான் இருக்கான். அருமையான பையன். டேய், வாடா!"

வேலியிலிருந்து ஓணான் இறங்கி வந்தது. எதற்கும் தலையாட்டுவதில் அதை மிஞ்ச ஆளில்லை.

"உனக்குக் கட்டுப் போடத் தெரியுமா?" என்று சிங்கராஜா கேட்டார்.

ஓணான் தலையாட்டியது.

"விஷம் இறக்கத் தெரியுமா?"

தலையாட்டியது.

"நீ வைத்தியம் பார்த்தா நான் செத்துப்போயிடுவேனா?"

ஓணான் இன்னும் பலமாகத் தலையாட்டியது.

"வேலியிலே போன ஓணானை எடுத்து வேட்டிக்குள்ளே விடப் பார்த்தியே பாவி!" என்று சிங்கராஜா பச்சோந்தி மேல் பாய்ந்தார். நொண்டிக்கால் என்பதால் பிடிக்க முடியவில்லை. மச்சான்கள் இருவரும் முத்திரை வாங்கிய இலைகளைக்கூட அப்படியே போட்டுவிட்டுப் புதருக்குள் ஓடி மறைந்தார்கள்.

இதோடு கதை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். ராஜாக்கள் அவ்வளவு நல்லவர்கள் இல்லை.

"சரி, கரடி இருக்கட்டும். எனக்குக் கட்டுப் போட அது வேணும்" என்றார் சிங்கராஜா. "மத்த ரெண்டும் போகலாம். என்னைப் பாம்பு கடிக்கலை. எனக்கு உண்ணியும் இல்லை."

கொக்கு மரத்தின் மேலே கூட்டைப் பார்த்தது. எல்லாரும் கரடியைப் பார்த்தார்கள். கரடிக்கு வேலை கிடைத்துவிட்டது. 'சரி ராஜா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆயுசுக்கும் தேன்தான்.

கரடி சொறிந்துகொண்டு யோசித்தது. பிறகு தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தது.

"புண்ணுக்குத் தேன் தடவியாச்சு ராஜா. உயிருக்கு ஒண்ணும் ஆகாது. கட்டு மட்டும் பாதியிலேயே இருக்கட்டும்."

"என்னது? உன்னைத் தின்னுடுவேன்!"

"தின்னுங்க. மீதிக் கட்டை யார் போடுவா?"

கீரி போய்க் கரடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. பல்லெல்லாம் தந்தியடிக்க, கொக்குக்குப் பல் இல்லாததால் அலகு தந்தியடிக்க, கொக்கும் போய் உட்கார்ந்தது. சிங்கத்துக்கு முன்னால்! அதே கொக்குதான்! ஆள்காட்டி பாறை மேல் ஏறிக் கத்திய கத்தலில் வார்டிலிருந்த எருமை, மான், முயல் எல்லாம் நொண்டியும் இருமியும் வந்து சுற்றிலும் நின்றன.

சிங்கராஜா எல்லாரையும் பார்த்தார். தொங்குகிற கட்டைப் பார்த்தார். கால் விண் விண் என்று தெறித்தது.

"சரி, மூணு பேரும் இருந்து தொலைங்க! இனிமே மழைக்கு மழை கேக்கவே வேண்டாம், நிரந்தரம்! கட்டைப் போடுங்கடா முதல்ல!"

"வாயால சொன்னாப் போதாது ராஜா, எழுதிக் குடுங்க" என்றது ஆள்காட்டி.

"உன் தொண்டைக்கு ஒரு பூட்டு கிடையாதா?"

"கிடையாது ராஜா."

ராஜா ஒரு புது இலையில் எழுதிக் கால் ரேகை வைத்தார். ஆள்காட்டி அதை நாலு தரம் படித்துப் பார்த்த பிறகுதான் கரடியைப் பார்த்துத் தலையசைத்தது. கரடி கட்டை முடித்தது. கீரி தன் பழைய இலையைக் கிழித்துப் போட்டது. கரடி தன்னுடையதைத் தின்றேவிட்டது, அதில் தேன் இருந்ததாம். பச்சோந்தி அடுத்த காட்டு ஆஸ்பத்திரியில் மேலாளராகச் சேர்ந்துவிட்டதாகக் கேள்வி.

கொக்கு மருதமரத்துக்குப் பறந்தது. குஞ்சுகள் மூன்றும் பயந்துபோய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன.

"அம்மா, நாம எங்கே போகணும்?"

"எங்கேயும் போக வேண்டாம். வாயைத் திறங்க" என்றது கொக்கு.

நீதி: "உனக்கு மட்டும்" என்று சொல்லித் தனியாகக் கூப்பிடுகிறவனிடம் தனியாகப் போகாதே, உனக்காகக் கத்துகிற ஒருவரைக் கூட்டிக்கொண்டு போ, அடுத்தவருக்காக நீயும் உட்கார்.