பதில் சொல்லாத வீடு

"என் பெண்டாட்டியைக் கத்த வைங்கம்மா" என்றான் தர்ஜோ.

குரு நிமிர்ந்து பார்க்கவில்லை. எரிமலையின் பாதி உயரத்தில், சூடான ஆவி கசியும் பிளவுக்குள் சர்க்கரைவள்ளிக் கிழங்குகளை இறக்கி வேகவைத்துக்கொண்டிருந்தாள். தர்ஜோவைவிட இளையவள். ஆனாலும் தீவில் எல்லோரையும் போல அவனும் அவளை அம்மா என்றுதான் கூப்பிடுவான்.

"பெண்டாட்டி வாயை அடைக்கத்தான் ஊர்ல எல்லாரும் வழி கேட்டு வருவாங்க" என்றாள்.

தர்ஜோ சிரிக்கவில்லை.

அந்தத் தீவில் ஒரு வழக்கம் உண்டு. நிலம் நடுங்கினால் அவரவர் வீட்டு வாசலில் நின்று "இருக்கோம், இருக்கோம்" என்று கத்த வேண்டும். மண்ணுக்கு அடியில் ஒன்று படுத்திருக்கிறது. மேலே யாராவது இருக்கிறார்களா என்று அறிய அது லேசாக அசைந்து பார்க்கும். பதில் கேட்டால் அடங்கிவிடும். கேட்காவிட்டால், ஆளில்லாத இடம்தானே என்று நன்றாகப் புரண்டு படுக்கும்.

மழைக்காலத்துக்கு முன்பு வந்த பெரிய நடுக்கத்தில் தர்ஜோவின் வீடு விழுந்தது. உள்ளே அவன் மகன் பயு தூங்கிக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து தர்ஜோவின் மனைவி லஸ்மி கத்துவதில்லை. நிலம் ஆடும்போது இடிந்த கற்களின் மேல் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறாள்.

"தலைவர் முடிவா சொல்லிட்டார். அடுத்த நடுக்கத்துக்கும் அவ பதில் சொல்லலைன்னா, படகுல ஏத்தி அவ பிறந்த தீவுக்கே அனுப்பிடுவாங்களாம். ஒரு வீடு வாயை மூடினா ஊருக்கே ஆகாதாம்."

"அந்தத் தீவு ஆடாதா?"

"அதுவும் ஆடும்."

குரு கிழங்குகளைப் புரட்டிப் போட்டாள்.

"நீ கத்துறியா?"

"ரெண்டு பேருக்கும் சேர்த்துக் கத்துறேன்."

"அன்னைக்கு?"



"தோட்டத்துல இருந்தேன். அங்கேருந்தே கத்திக்கிட்டு ஓடி வந்தேன். வாசலுக்கு வந்தும் நிறுத்தல. கல்லுங்க நடுவுல நின்னுக்கிட்டு இருக்கோம், இருக்கோம்னு..."

மலையுச்சியில் புகை எப்போதும் போல எழுந்துகொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தபடி பேசினான்.

"மலை துப்புற நெருப்பு ஓலைக்கூரையில பிடிச்சுக்கும்னு பயந்துதான் கல்லுல கட்டினேன். கூரைக்கும் கல்லுதான். நீங்களும் வந்து பார்த்தீங்க. நல்லா இருக்குன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"ஆடினா கல்லு விழும்னு தெரியாமலா சொன்னீங்க?"

"தெரியாமத்தான் சொன்னேன்."

அவள் இன்னும் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தான். அவள் ஒரு கிழங்கைப் பிட்டு, பாதியை அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"அப்ப நான் எதுக்கு இவ்வளவு தூரம் ஏறி வரணும்?"

"அதுவும் எனக்குத் தெரியல" என்றாள் குரு. மிச்சக் கிழங்குகளை இலையில் சுற்றிக்கொண்டு எழுந்தாள். "நட."

அவர்கள் இறங்கி வந்தபோது லஸ்மி கற்களின் மேல்தான் இருந்தாள். இரவில் விழுந்த சாம்பலை ஒவ்வொரு கல்லிலிருந்தும் கையால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த கல்லில் மறுபடியும் சாம்பல் விழுந்தது.

குரு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இலையைப் பிரித்துக் கிழங்கை நடுவில் வைத்தாள். தானும் ஒரு கல்லைத் துடைக்கத் தொடங்கினாள்.

உபதேசம் ஏதாவது வரும் என்று ஊர் கூடி நின்றது. எதுவும் வரவில்லை.

"கிழங்கு திங்கத்தான் மலையை விட்டு இறங்கினாங்க போல" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

தலைவர் மர்த்தோ தர்ஜோவைத் தனியே அழைத்தார். கெட்டவர் அல்ல. பயுவைப் புதைத்த அன்று தர்ஜோவைத் தாங்கிப் பிடித்திருந்தவர் அவர்தான்.

"படகு தயாரா இருக்குப்பா. எனக்கு மட்டும் ஆசையா? எனக்கும் பேரன் பேத்தி இருக்கு. அடுத்து ஆடும்போது ஒரு தடவை, ஒரே தடவை, அவளைச் சொல்லச் சொல்லு."

"சொல்லுவா."

"யாரு சொன்னா, குருவா?"

தர்ஜோ கற்களை நோக்கித் திரும்பி நடந்தான்.

வெயில் சாயும் நேரத்தில் கோழிகள் அடங்கின. ஜாடித் தண்ணீர் தளும்பியது. பிறகு நிலம் ஆடத் தொடங்கியது.

எல்லோரும் வாசல்களுக்கு ஓடினார்கள். "இருக்கோம், இருக்கோம்." தெருவின் இரண்டு பக்கமும் அதே குரல்தான். தர்ஜோ கற்களின் மேல் ஏறி நின்று, மூச்சை இழுத்து வாயைத் திறந்தான்.

குரு பாய்ந்து வந்து அவன் வாயைப் பொத்தினாள்.

அவன் திமிறினான். காலடியில் கற்கள் உருண்டன. அவன் வீடு மட்டும் பதில் சொல்லாமல் இருந்தது. அவளைத் தள்ளினான், கையைக் கடித்தான். அவள் விடவில்லை.

அப்போதுதான் கேட்டது.

கீழே, முழங்கால்களுக்கு நடுவிலிருந்து, ஒரு குரல். புதிதாகப் பேசத் தொடங்கியவளின் குரல் அல்ல. பலமுறை சொல்லித் தேய்ந்த குரல்.

"பயு இல்ல. பயு இல்ல. பயு இல்ல."

நிலம் நடுங்கும்போது அந்தத் தீவில் யாரும் சொல்லத் துணியாத சொல் அது.

நடுக்கம் நின்றது. எங்கோ ஒரு பானை உடைந்த சத்தம். மர்த்தோவும் இன்னும் சிலரும் வேகமாக வந்தார்கள்.

"என்ன தர்ஜோ, இன்னைக்கு உன் சத்தத்தையே காணோம். அவ பதில் சொன்னாளா?"

"சொன்னா."

"எங்களுக்குக் கேக்கலியே."

"எனக்கும் இத்தனை நாளா கேக்கல."

மர்த்தோவின் முகம் தெளிந்தது. "நல்லதாப் போச்சு. சும்மா எல்லாரும் கேக்கட்டும், நீயே சொல்லிடு. என்ன சொன்னா?"

தர்ஜோ குருவைப் பார்த்தான். அவள் உள்ளங்கையில் அவன் பற்கள் பதிந்து ரத்தம் கசிந்தது. அவள் அதைச் சேலையில் ஒற்றிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்க்கவில்லை.

துறையில் படகோட்டி கயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தான்.

தர்ஜோ கற்களின் மேல், மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"பயு இல்ல" என்றான்.